எஃகுக்கு நீலம், பித்தளைக்குக் கருமை

இப்பகுதிக்கு அண்மையில் வந்த கடிதங்களுள் இரண்டு, ஒன்றையொன்று அறியாமலேயே ஒரே பொருளைப் பற்றியவையாக அமைந்துவிட்டன. முதலாவது ஒரு தந்தை எழுதியது. தொழிற்பயிற்சி முடித்த அவருடைய மகன், வாடகை வீட்டின் பின்தாழ்வாரத்தில், எஃகுக் கீல்களையும் திருகுகளையும் கருநீலமாக்கிக் கொடுக்கும் சிறு தொழிலைத் தொடங்க விரும்புகிறானாம். காரச் சோடாவும் தொட்டியும் வாங்கப் பணம் கேட்கிறானாம். கொடுக்கலாமா என்று வினவுகிறார். இரண்டாவது கடிதம் ஒரு சகோதரியுடையது. ஊரிலிருந்து மாமியார் கொடுத்தனுப்பிய நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, புது வீட்டின் முன்னறைக்குப் பொருந்தாமல் பளபளக்கிறது என்று வீட்டிலுள்ள இளையவர்கள் கருதுகிறார்கள். கடைகளில் இப்போது கருத்த பித்தளைக்கே மதிப்பு. அவ்வாறு கருக்கித் தரும் மருந்து சிறு புட்டியில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. பூசலாமா என்பது அவருடைய கேள்வி.

இரு வினாவுக்கும் ‘கூடாது’ என்று ஒரு சொல்லில் விடையிறுத்துவிடலாம். ஆனால், காரணம் அறியாத தடை வீட்டில் நெடுநாள் நில்லாது. ஆகவே இத்தொழிலின் உள்ளே சிறிது நுழைந்து பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். எஃகின் நீலமும் பித்தளையின் கருமையும் சாயமல்ல, பூச்சுமல்ல. வர்ணம் பூசினால் உலோகத்தின்மேல் வேறொரு பொருள் வந்து உட்காருகிறது. இங்கோ, உலோகத்தின் மேற்றோலே வேறொரு பொருளாக மாறிவிடுகிறது. இரும்பு துருப்பிடிப்பதும் அத்தகைய மாற்றந்தான். ஆனால் செந்துருவுக்கும் கருந்துருவுக்கும் பெரிய வேற்றுமை உண்டு. செந்துரு தான் தின்ற இரும்பைக் காட்டிலும் மிகுதியான இடத்தை அடைத்துக்கொண்டு பொருக்காக உப்பும், உதிரும், அடியிலுள்ள இரும்பை மீண்டும் ஈரத்துக்குக் காட்டிக்கொடுக்கும். கருந்துருவோ இரும்போடு ஒட்டி நிற்கும். சேலத்துக் கஞ்சமலையில் கிடைக்கும் காந்த இரும்புத்தாது எந்தப் பொருளோ, அதே பொருள்தான் இக்கருந்துரு. மலையில் பாறையாகக் கிடப்பதை எஃகின்மேல் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லிய தோலாக வளர்ப்பதே கருநீலமாக்கும் கலை. அத்துணை மெல்லியதாகையால் திருகின் புரி அடைபடுவதில்லை, அளவு மாறுவதில்லை. இயந்திர உறுப்புகளுக்கு இம்முறை விரும்பப்படுவதன் காரணம் இதுவே.

மிகப் பழமையானதும் மிக அழகானதும் நெருப்பினால் வரும் நீலம். தேய்த்து மெருகிட்ட எஃகுத் துண்டை மெல்லச் சூடாக்கினால், ஏறக்குறைய 220 டிகிரி சென்டிகிரேடில் வைக்கோல் நிறம் தோன்றும். பிறகு பழுப்பு, 280 டிகிரியை ஒட்டி ஊதா, 300 டிகிரியை நெருங்குகையில் கண்ணைப் பறிக்கும் நீலம். அதற்கும் மேலே சென்றால் நீலம் வெளிறிச் சாம்பலாகிவிடும். காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி வளரும் மெல்லிய படலத்தில் ஒளி பட்டுத் திரும்புவதால் விளையும் நிறங்கள் இவை. சோப்புக் குமிழியில் காணும் வண்ணங்களுக்கும் இதே காரணந்தான். நம் ஊர்க் கொல்லர் உளியைத் தோய்த்து எடுத்துச் சாணைக்கல்லில் ஒரு பக்கம் தேய்த்துவிட்டு, நிறம் ஓடிவருவதை இமை கொட்டாமல் பார்த்திருப்பாரே, அவர் பார்த்தது இதைத்தான். உஷ்ணமானி இல்லாத காலத்தில் நிறமே உஷ்ணமானி. கடிகாரத் தொழிலாளர் பித்தளை அரத்தூளை ஒரு தட்டில் பரப்பி, அதன்மேல் முட்களையும் திருகுகளையும் வைத்து அடியில் சூடேற்றுவார்கள். தூள் சூட்டைச் சமமாகப் பரப்பும். நீலம் வந்த கணத்தில் எடுத்துவிட வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தாலும் மறுபடி தேய்த்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இம்முறையில் நஞ்சு இல்லை, புகை இல்லை. ஆனால் பெரிய பொருள்களுக்கு ஒவ்வாது. மேலும், கடினப்படுத்திய எஃகை இவ்வளவு சூடேற்றினால் அதன் கடினம் ஓரளவு இறங்கிவிடும்.

துப்பாக்கிக் குழல் செய்தவர்கள் வேறு வழி கண்டார்கள். குழலை வேண்டுமென்றே துருப்பிடிக்க விடுவார்கள். மெல்லிய செந்துரு படர்ந்ததும் கொதிநீரில் இட்டுக் காய்ச்சுவார்கள். செந்துரு கருந்துருவாக மாறிவிடும். உதிர்ந்த தூளைக் கம்பித் தூரிகையால் நீவிவிட்டு, மறுபடியும் துரு, மறுபடியும் கொதிநீர். இவ்வாறு பல நாட்கள் செய்தால் ஆழ்ந்த கருமை படியும். பகைவனையே காவலனாக்கிக்கொள்ளும் இந்த உபாயம் நம்மை வியக்கச் செய்கிறது. பொறுமை மிகுதியாக வேண்டும் என்பதொன்றே இதன் குறை.

பொறுமையில்லாத தொழிற்சாலைக்கென்று வந்ததே கொதிதொட்டி. அந்த இளைஞர் விரும்புவது இதனைத்தான். காரச் சோடாவையும் சோடியம் நைட்ரேட் அல்லது நைட்ரைட் என்னும் உப்பையும் நீரில் மிகச் செறிவாகக் கரைத்தால், அக்கரைசல் நீரைப்போல 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 140 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். எண்ணெய்ப் பசை போகக் கழுவிய எஃகை அதில் கால்மணி முதல் அரைமணி நேரம் வரை மூழ்க விட்டால் கருமை ஏறிவிடும். பிறகு குளிர்ந்த நீர், வெந்நீர், கடைசியில் எண்ணெய்.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. தொட்டியருகே நிற்பவருக்கு எப்படி என்று பார்ப்போம். கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிறது. நீர் குறையக் குறையக் கொதிநிலை ஏறுகிறது. ஏறினால் நிறம் செம்பழுப்பாகக் கெடும். ஆகவே குறைந்த நீரை ஈடுசெய்தாக வேண்டும். 140 டிகிரிக் காரத்தில் ஒரு செம்புத் தண்ணீரைச் சாய்த்தால் என்ன ஆகும்? காய்ந்த எண்ணெயில் நீர் தெறித்தால் அடுக்களையில் நிகழ்வதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். இங்கே தெறிப்பது தோலையும் கண்ணையும் கரைக்கும் காரம். முறையறிந்த பட்டறைகளில் முகக்கவசமும் நீண்ட கையுறையும் அணிந்து, தொட்டியைச் சற்று ஆறவிட்டுச் சிறிது சிறிதாக நீர் சேர்க்கிறார்கள். இரவு ஆறிய தொட்டியில் மேலே உப்பு ஏடு கட்டிக்கொள்ளும். காலையில் அடியில் மட்டும் சூடேற்றினால், உள்ளே அடைபட்ட ஆவி அந்த ஏட்டைப் பிளந்துகொண்டு கிளம்பும்.

பாத்திரமும் தெரிந்து அமைய வேண்டும். அலுமினியப் பாத்திரம் இக்காரத்தில் கரைந்து, தீப்பற்றும் வாயுவை வெளிவிடும். துத்தநாகம் பூசிய வாளியும் உதவாது. ஈயப் பற்று வைத்த இணைப்புகளும் விட்டுப்போகும். இரட்டைக்குழல் துப்பாக்கிகளுக்கு இன்றும் பழைய துருமுறையையே கைக்கொள்வது இதனால்தான். எவர்சில்வர் சாமான் இத்தொட்டியில் கருப்பதே இல்லை.

தொழில் வேண்டாம் என்று அந்தத் தந்தைக்கு நாம் சொல்லவில்லை; தாழ்வாரம் வேண்டாம் என்கிறோம். பக்கத்தில் துணி உலர்கிறது, குழந்தை தவழ்கிறது, சாக்கடை நான்கு குடித்தனங்களுக்குப் பொது. வெளியூரில் வந்து வாழும் நமக்கு அண்டை வீட்டாரின் நல்லெண்ணம் ஒரு முதலீடு என்பதையும் மறத்தல் ஆகாது. மகன் முதலில் ஓராண்டு, தொழிற்பேட்டைகளில் கூலிக்கு உலோகப் படலம் ஏற்றித் தரும் பட்டறை ஒன்றில் சேர்ந்து கைப்பழக்கம் பெறட்டும். ஆவி இழுக்கும் விசிறி, கழிவுநீரைச் சமன்செய்யும் தொட்டி, கண் கழுவும் குழாய் ஆகியவற்றுக்கு என்ன செலவாகும் என்று அங்கே கண்டறியட்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும் இலாபம் தெரிந்தால், பணம் கொடுப்பதில் தவறில்லை.

வேலையில் அவர் முதலில் கற்கப்போவது கருக்குவதை அன்று, கழுவுவதை. விரல் பட்ட இடத்தில் நிறம் ஏறாது. கழுவிய எஃகின்மேல் நீர் முத்துமுத்தாகத் திரண்டால் எண்ணெய்ப் பசை மிச்சம் இருக்கிறது. ஒரே ஏடாகப் பரவினால் சுத்தம். இந்தச் சோதனைக்குக் காசு இல்லை. எண்ணெயை மறந்தாலோ எல்லாம் வீண்: கருந்துருத் தோல் நுண்துளை மிக்கது, எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதே அதன் பெரும்பயன். எண்ணெயில்லாத நீல எஃகு, மும்பை மழைக்காலத்தில் சில நாட்களிலேயே சிவந்துவிடும்.

இனிப் புட்டி மருந்து. சூடேற்றாமல், துணியில் தொட்டுத் தடவியதும் எஃகும் பித்தளையும் கருக்கின்றனவே, அது எப்படி? இக்கரைசல்கள் பெரும்பாலானவற்றில் செலினியம் சேர்ந்த அமிலமும் மயில்துத்தமும் இருக்கும். எஃகைத் தொட்டவுடன் செம்பும் செலினியமும் கூடிய கரும்பொருள் அதன்மேல் படிகிறது. பார்வைக்குக் கொதிதொட்டியின் கருமை போலவே தோன்றினாலும், இது எஃகின் தோலன்று. மேலே படிந்த மெல்லிய கரி. கீறல் விழுந்த இடத்தை ஒட்டுப்போடப் பயன்படும். கைபடும் இடத்தில் விரைவில் தேயும். தேய்வது கிடக்கட்டும். செலினிய அமிலம் கொடிய நஞ்சு. சிறிதளவு வயிற்றுக்குள் சென்றாலும் உயிருக்கு ஆபத்து. அதற்கென்று தனியான முறிமருந்தும் இல்லை. புட்டியோ கண்ணைக் கவரும் நீல நீராக, விரல் அளவில் இருக்கிறது. குழந்தையின் கைக்கு எட்டும் அலமாரியில் அதை வைக்கும் வீடுகளை எண்ணும்போது நமக்கு நெஞ்சு பதறுகிறது.

பித்தளையைக் கருக்கும் தேவை ஏன் எழுந்தது என்று சிலர் எண்ணலாம். அழகுக்காக மட்டுமன்று. தொலைநோக்கியின் உட்புறம் பளபளத்தால் சிதறிய ஒளி காட்சியைக் கெடுக்கும். நில அளவைக் கருவியின் வெளிப்புறம் மின்னினால் நண்பகல் வெயிலில் அளப்பவர் கண் கூசும். ஆகவே கருவி செய்வோர் பித்தளையை மங்கச் செய்யும் வழிகளைத் தேடினார்கள். பாஷாணம் கலந்த கரைசல்கள்கூட அக்காலத்தில் பழக்கத்தில் இருந்தன. இந்திய நில அளவைத் துறையின் கருவிகளைப் பேணிய பெருந்தொழிலாளருள் ஒருவர் நம் ஆர்க்காட்டைச் சேர்ந்தவர் என்பது பலர் அறியாத செய்தி. சையது மீர் மோசின் உசேன் என்னும் அவர் சென்னையில் கடிகார வேலை பார்த்து, அங்கிருந்து வடக்கே சென்று, எவரெஸ்டு துரையின் மாபெரும் கோணமானிகளைச் சீர்செய்வதில் பங்குகொண்டார். ஆங்கிலேயக் கருவியாளர் பாரோ விலகிய பின், 1843இல் அந்தப் பதவி மோசினுக்கே கிடைத்தது. கைத்திறனை மட்டுமே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வடக்கே போனவர்களில் அவர் நமக்கு மூத்தவர்.

பித்தளைக்கென்று உள்ள நல்ல முறை, செம்புக் கார்பனேட்டை அம்மோனியா நீரில் கரைத்துச் சூடாக்கிய ஆழ்நீலக் கரைசலில் தோய்ப்பது. சில நிமிடங்களில் உறுதியான கருமை ஏறும். இக்கரைசல் பித்தளைக்குத்தான் பலிக்கும். தனிச் செம்பு இதில் கருக்காது. பித்தளையிலுள்ள துத்தநாகம் இவ்வினைக்குத் துணை வேண்டும். மாறாக, கந்தகமும் பொட்டாசியமும் சேர்ந்த ஈரல் நிற உப்பு செம்பையும் வெள்ளியையும் நொடியில் கருக்கும். பித்தளையிடம் தயங்கி நிற்கும். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

அம்மோனியாவைப் பற்றி இன்னொரு சொல். பிரிட்டிஷார் காலத்தில் இந்தியாவிலிருந்த படைகளின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. காரணம் நெடுநாள் தெரியவில்லை. குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்த கூடுகளே மிகுதியாகக் கெட்டன என்பதிலிருந்து துப்புக் கிடைத்தது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, இழுத்து வார்த்தெடுத்த பித்தளையில் அடங்கியிருந்த இறுக்கத்தோடு சேர்ந்து அதனைப் பிளந்துவிட்டது என்பதை 1921இல் வெளியான ஆராய்ச்சி விளக்கியது. அடித்தும் இழுத்தும் செய்த குடம், தவலை, அண்டா ஆகியவற்றை அம்மோனியாவில் தோய்ப்பது ஏன் ஆகாது என்பது இதிலிருந்தே விளங்கும். வெளியே கருமை ஏறும். உள்ளே வெடிப்பும் ஏறலாம்.

கருமையால் பெருமை பெற்ற பொருளைக் காண விரும்புவோர் பீதர் நகருக்குச் செல்ல வேண்டும். கருநாடகத்தின் வடகோடியில், பாமினி சுல்தான்கள் 15ஆம் நூற்றாண்டில் தலைநகராகக் கொண்ட ஊர் அது. அங்கே செய்யும் பிதிரிப் பாத்திரம் பித்தளையன்று. பெரும்பங்கு துத்தநாகமும் சிறுபங்கு செம்பும் சேர்த்து வார்ப்பது. வார்த்த உருவை அரத்தால் தேய்த்து மயில்துத்தக் கரைசலைத் தடவுவார்கள். உடனே ஒரு தற்காலிகக் கருமை படியும். அதன்மேல் கூர்முனையால் கொடியும் பூவும் வரைந்தால் வெண்கோடாகத் தெரியும். அக்கோட்டின் வழியே உளியால் செதுக்கி, வெள்ளிக் கம்பியையும் தகட்டையும் சுத்தியால் அடித்துப் பதிக்கிறார்கள். பிறகு எல்லாவற்றையும் தேய்த்தால் வெள்ளியும் உலோகமும் ஒரே வெண்சாம்பல் நிறமாகி, அத்தனை வேலைப்பாடும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். பார்ப்பவர் ‘ஐயோ’ என்பார். அப்போதுதான் மண் வருகிறது. பீதர்க் கோட்டையின் பழைய பகுதிகளில், வெயிலும் மழையும் படாத இடத்திலிருந்து எடுத்த வெடியுப்புச் சத்துள்ள மண்ணை நவச்சாரத்தோடு நீரில் குழைத்து, சூடான பாத்திரத்தில் பூசுவார்கள். கழுவினால் துத்தநாகக் கலவை கன்னங்கரேல் என்றிருக்கும். வெள்ளி மட்டும் வெள்ளியாகவே நிற்கும். கைவினைஞர் மண்ணை நாவில் இட்டுச் சுவைத்தே தேர்ந்தெடுப்பார்கள். கடைசியில் அங்கும் எண்ணெய்தான். ஐதராபாத்தில் வாழும் நம் அன்பர்களுக்குப் பீதர் ஒரு நாள் பயணம். குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டத் தக்கது.

பிதிரியில் கருமை ஒரு பின்னணி. வெள்ளியை எடுத்துக்காட்டவே அது இருக்கிறது. சகோதரியின் விளக்குக்கு அந்த நியாயம் இல்லை. நாச்சியார்கோயில் விளக்கு வார்த்துக் கடைந்தது. அதன் தண்டில் ஓடும் வளையங்களும் உச்சியிலுள்ள அன்னமும் மெருகில் ஒளியை வாங்கித் திருப்பவே அமைக்கப்பட்டவை. கருக்கினால் அந்த வளையங்கள் மறையும். அது மட்டுமன்று. எண்ணெயும் திரியும் இடும் அகலை வாரந்தோறும் புளியிட்டுத் துலக்குகிறோம். அம்மோனியாக் கருமை செம்பின் ஆக்சைடு. புளியின் அமிலம் அதைத் தின்றுவிடும். எனவே சில வெள்ளிக்கிழமைகளில் விளக்கு கருப்பும் மஞ்சளுமாகப் புள்ளி விழுந்து நிற்கும். புட்டி மருந்தின் செலினியக் கருமையோ புளிக்கு எளிதில் அசையாது. மனம் மாறிப் பழைய நிறம் வேண்டுமென்றால் அரத்தாளால் தேய்க்க வேண்டிவரும். அப்போது கருமையோடு அன்னத்தின் இறகும் தேயும். மாமியார் ஊரிலிருந்து வந்து பார்க்கும் நாளை நாம் இங்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இளையவர்களின் விருப்பத்தையும் தள்ளிவிட வேண்டாம். முன்னறைக்குக் கருத்த பித்தளை வேண்டுமென்றால், மொராதாபாத்திலிருந்து வரும் புதிய சாமான்களில் அவ்வாறு முடித்தவை எத்தனையோ உண்டு. அவற்றில் ஒன்றை வாங்கலாம். புதிதாகவே வாங்குவதாக எண்ணி வாங்க வேண்டும். நேற்று வார்த்த சிலையைக் கருக்கி, ‘இருநூறு ஆண்டுப் பழையது’ என்று விற்போர் எல்லா நகரங்களிலும் இருக்கின்றனர். மெய்யாகவே நூறாண்டு கடந்த கலைப்பொருளாயின், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அதனை விற்பவருக்கு உரிமம் வேண்டும். உரிமத்தைக் காட்டுமாறு கேட்டால் பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

உண்ணவும் பருகவும் எடுக்கும் பாத்திரம் எதையும், வெளிப்புறம் மட்டும் என்றுகூட, கருக்கக் கூடாது. இதில் விலக்கு இல்லை.

வீட்டில் ஏற்கெனவே இத்தகைய மருந்து இருந்தால், அதை வாங்கிய புட்டியிலேயே, பெயர்ச்சீட்டோடு, பூட்டி வையுங்கள். குடிநீர்ப் புட்டியிலோ பழரசப் புட்டியிலோ மாற்றி ஊற்ற வேண்டாம். இதனால் நேர்ந்த சாவுகள் உண்டு. அம்மோனியாக் கரைசலைக் கழிவறை கழுவும் வெளுப்பு நீரோடு கலந்தால் மூச்சடைக்கும் நச்சு வாயு எழும். காரமோ அமிலமோ கண்ணில் தெறித்தால், ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு நேரே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். காரத்துக்குப் புளித்தண்ணீர், அமிலத்துக்குச் சோடா உப்பு என்று மாற்று வைத்தியம் செய்து நேரத்தைப் போக்க வேண்டாம். விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யக் கூடாது. போன வழியே அது திரும்பி வருகையில் தொண்டையை மறுமுறை எரிக்கும். புட்டியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதன் பெயர்ச்சீட்டைப் படித்தே மருத்துவர் தொடங்குவார்.